நான் வெட்டிய பத்து முடிச்சு

எனக்கு வயது எண்பத்திரண்டு. இத்தனை வருடத்தில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை கையில் கருவி எதுவும் இல்லாத நேரத்தில் நடந்தவை. அதனால் சேதம் பேச்சோடு போயிற்று. ஒரே ஒரு தடவை மட்டும் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. (இந்தக் கதையை என் வீட்டில் எல்லோருமே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்போது நான் கொஞ்சம் குண்டாகவும் நிறைய மடையனாகவும் இருப்பேன். உண்மையில் நான் ஒல்லி.)

எழுபதுகளின் நடுவில் சின்னமனூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்தேன். பட்டம் வாங்கியது இயற்பியலில். ஊரில் யார் வீட்டிலாவது ஃபியூஸ் போனால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் ஓம் விதியை விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு போய் வயர்மேனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

ஊர் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, பொதுவில் ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார்கள். அந்தச் சங்கத்துக்கு நான் கௌரவச் செயலாளர். எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது என்பதுதான் என் தகுதி. யார் வயலுக்கு டிராக்டர் முதலில் போக வேண்டும் என்று நான் சண்டை போடமாட்டேன் அல்லவா? இன்னொரு தகுதி, கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

உழவு இல்லாத நாளில் டிராக்டர் சும்மா நிற்கிறதே என்று வாழைத்தாரும் எருவும் ஏற்ற ஒரு டிரெய்லர் செய்யச் சொன்னோம். தேனிப் பட்டறையிலிருந்து டிரெய்லர் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்விளக்குகள் பொருத்தி, வயர் இழுத்து, டிராக்டரின் பின்பக்கத்துச் சாக்கெட்டில் சொருகுகிற மாதிரி பிளக் மாட்டும் வேலைக்குப் போடியிலிருந்து ஞானமுத்து வந்தார்.

ஞானமுத்து போடி கடைவீதியில் அண்ணனோடு பேட்டரிக் கடை நடத்தியவர். இருபத்தெட்டு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். தேவதானப்பட்டியில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணுக்கும் பிடித்திருந்தது, இவருக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் 'அண்ணன் கடை' என்பது பிடிக்கவில்லை.

"ஒரு ஆபீஸ் ஆர்டர் கைல இருந்தா நாளைக்கே கோயில்ல கல்யாண ஓலை எழுதலாம்னு சொல்லிட்டாக சார்" என்று என்னிடம் ஒருநாள் வெட்கத்தோடு சொன்னார்.

எங்கள் சங்கத் தலைவரோ தாராள மனசுக்காரர். பத்துப் பேர் கூடியிருந்தால் அந்த மனசு இன்னும் தாராளமாகும். அப்படிக் கூடியிருந்த ஒரு நாளில், "டிரெய்லரு பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட பாஸாகட்டும்யா. அன்னிக்கே நம்ம ஞானமுத்துக்கு நிரந்தர வேலை. ஆர்டரை நம்ம வாத்தியாரே கைப்பட எழுதுவாரு" என்று அறிவித்துவிட்டார். ஆக, நான்கு வகை விளக்கும் ஒழுங்காக எரிந்தால் ஒரு கல்யாணம். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை முடிந்த அன்று பார்க்கப் போனேன். பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி ஐந்து வயர்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ஐந்தும் ஒரே கறுப்பு. நான்கில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருந்தது.

"என்னய்யா இது?"

"ஒரே சுருள் கறுப்பு ஒயருதான் கெடச்சது சார். கலர் ஒயருக்கு மதுரைக்குப் போகணும். அதான் முடிச்சு. ஒத்த முடிச்சு இடது சிக்னல். ரெண்டு முடிச்சு வலது. மூணு பிரேக்கு. நாலு டெயில் லைட்டு."

"முடிச்சே இல்லாதது?"

"அது எர்த்து சார். எல்லாத்துக்கும் பொது. பொதுவானதுக்கு எதுக்கு அடையாளம்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கலரு வெயில்ல வெளுத்துரும் சார். சேறு அப்புனா தெரியாது. முடிச்சுன்னா கண்ண மூடிக்கிட்டுத் தடவுனாலும் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இன்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னுடைய சங்கத்து டிரெய்லரின் முன்னால் புளிமூட்டை கட்டிய கயிறு மாதிரி ஏதோ தொங்குகிறது என்பதுதான். நாளைக்கு இன்ஸ்பெக்டர் பார்த்தால் 'இந்தச் சங்கத்தில் படித்தவன் ஒருவனும் இல்லையா' என்று நினைக்கமாட்டாரா? போதாக்குறைக்கு, முடிச்சில் மின்சாரம் கொஞ்சம் தடுக்கி விழும் என்றும் ஓர் எண்ணம். (இயற்பியல் பட்டதாரி. இதை எழுதும்போது கை கூசுகிறது.)

வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் மாதத்தில் ஒருநாள் தேனிக்கு முகாம் வருவார். அந்த மாதம் முகாம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம். சங்கத்துக்குக் கொட்டகை இல்லாததால் டிரெய்லர் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. டிராக்டர் யாருடைய வயலிலோ உழுதுகொண்டிருந்தது. அது முந்தின நாள் சங்க வாசலில் நின்றபோது, அதன் பின்பக்கத்துச் சாக்கெட்டை ஒரு நோட்டில் அழகாகப் படம் வரைந்து வைத்திருந்தேன். வட்டமாக ஆறு ஓட்டை, நடுவில் ஒன்று. எந்த ஓட்டை எதற்கு என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தேன்.

கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூ டிரைவருமாக நான் இறங்குவதைப் பார்த்து என் மனைவி பார்வதி வாசலுக்கு வந்தாள்.

"அது ஓடுற வண்டியா, ஓடாத வண்டியா?"

"ஓடுறதுதான். நாளைக்குத் தேனிக்குப் போகுது."

"ஓடுறத எதுக்கு நோண்டுறீங்க?"

"பார்வதி, இது எலெக்ட்ரிசிட்டி. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுங்க. ஞானமுத்துக்குப் புரியும்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரியும், இதற்கு மேல் சொன்னால் நான் ஓம் விதிக்குப் போய்விடுவேன் என்று.

பிளக்கைக் கையில் எடுத்து, அதன் ஊசிகளை என் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்து, நோட்டுப் படத்தோடு ஒப்பிட்டேன். தூக்கிவாரிப்போட்டது. படத்தில் இடது சிக்னல் இடப்பக்கம். பிளக்கில் அது வலப்பக்கம்! படத்தில் பிரேக் இடப்பக்கம், டெயில் லைட் வலப்பக்கம். பிளக்கில் அதுவும் தலைகீழ். ஆகா, ஞானமுத்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்! நல்லவேளை, நான் பார்த்தேன்.

ஆனால் பிளக் என்பது சாக்கெட்டைப் பார்த்தபடிதான் போய்ச் சொருகிக்கொள்ளும். எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவருடைய இடது மற்றவருக்கு எதிரே வலப்பக்கம்தானே இருக்கும்? ஞானமுத்து செய்திருந்தது நூற்றுக்கு நூறு சரி. இது தெரிய இயற்பியல் வேண்டியதில்லை; காலையில் கண்ணாடி பார்த்துத் தலை வாரியிருந்தால் போதும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாதம்தான் ஒன்பதாம் வகுப்புக்கு 'சமதள ஆடியில் இடவல மாற்றம்' என்ற பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். பரீட்சையில் அதைத் தப்பாக எழுதிய மூன்று பேரைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்திருந்தேன்.

நான்கு வயர்களையும் கழற்றினேன். முடிச்சுகளோடு சேர்த்து நுனியைக் கத்தரித்து எறிந்தேன். ஒவ்வொன்றிலும் மணிமணியான எழுத்தில் காகிதச் சீட்டு எழுதி ஒட்டினேன். இடதை வலதாகவும், பிரேக்கை டெயில் லைட்டாகவும் 'திருத்தி' மாட்டி மூடினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. டிராக்டர் இல்லாததால் சோதித்துப் பார்க்க முடியவில்லை. சோதிக்கத் தேவையும் இல்லை என்று நினைத்தேன்; படம்தான் இருக்கிறதே!

மறுநாள் காலை தேனி மைதானத்தில் டிராக்டரும் டிரெய்லருமாக நின்றோம். டிரைவர் மொக்கைச்சாமி இருக்கையில். தலைவர் சலவை வேட்டியில். ஞானமுத்து தேய்த்த சட்டையில். பிரேக் இன்ஸ்பெக்டர் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், கொக்கியை ஆட்டிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டிரெய்லரின் பின்னால் போய் நின்றார்.

"இடது சிக்னல் போடுப்பா."

வலது விளக்கு மினுக்கியது.

"இடதுன்னேன்."

"இடதுதான்யா போட்டிருக்கேன்!" என்று மொக்கைச்சாமி முன்னாலிருந்து கத்தினார்.

இன்ஸ்பெக்டர் முன்னால் நடந்து வந்து பார்த்தார். டிராக்டரின் இடது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் போனார். டிரெய்லரின் வலது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, முன்வண்டி ஒரு ஊருக்கும் பின்வண்டி ஒரு ஊருக்குமா போகுது?"

(எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவை அவ்வளவு சரியாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் வர்ணித்ததில்லை.)

"சரி, பிரேக்க மிதி."

பிரேக் லைட் எரியவில்லை. டெயில் லைட் எரிந்தது.

"இப்ப லைட்டப் போடு."

பிரேக் லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்தன, எரிந்தபடியே நின்றன. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டார். "இது ஓடும்போது நிக்கிற மாதிரி காட்டும், நிக்கும்போது ஓடுற மாதிரி காட்டும். அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போனார்.

தலைவரின் முகம் சிவந்தது. "ஞானமுத்து! என்னய்யா வேல பாத்துவச்சிருக்க? பத்துப் பேர் முன்னால மானத்த வாங்கிட்டியே!"

ஞானமுத்து குனிந்து பிளக்கை உருவினார். வயரைத் தடவினார். மறுபடி தடவினார். முடிச்சு இல்லை. இருந்தது என் கையெழுத்து. அதை ஊரில் தெரியாதவர் கிடையாது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று. "எதுக்கும் கொஞ்சம் படிச்ச ஆளாப் பாத்திருக்கலாம்" என்றேன்.

"சார், ரெண்டு நிமிஷம் குடுங்க, மாத்திர்றேன்" என்று ஞானமுத்து தலைவரிடம் கேட்டார்.

"நீ இனிமே அதுல கைய வைக்கப்படாது!" என்றார் தலைவர்.

திரும்பும்போது தலைவரும் நானும் டிரெய்லரில் நின்றுகொண்டு வந்தோம். ஞானமுத்து டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். மொக்கைச்சாமி வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். கம்பம் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வலப்பக்கம் திரும்பும் இடம் நெருங்கியதும் திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"தலைவரே, இடதப் போட்டா பின்னால வலதுதான எரியுது? அப்ப நான் வலது திரும்ப இடதப் போடுறேன்! சரியா வந்துரும்ல?"

"போடு, போடு!" என்றார் தலைவர்.

நான் இயற்பியல் பட்டதாரி. நானும் "போடு" என்றேன்.

பின்னால் வந்த பஸ்ஸுக்கு நாங்கள் வலது காட்டினோம். அது மரியாதையாக ஒதுங்கி நின்றது. எதிரே வந்த பஸ்ஸுக்கு டிராக்டரின் முன்விளக்கு இடது காட்டியது. 'சரி, ஒதுங்குகிறான்' என்று அது வேகமாக வந்தது. மொக்கைச்சாமி வலப்பக்கம் ஒடித்தார், பஸ்ஸைப் பார்த்தார், "ஆத்தா!" என்று கூவிக்கொண்டே இடப்பக்கம் ஒடித்தார். டிராக்டர் ரோட்டில் நின்றது. டிரெய்லரின் ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கி, வண்டி மெதுவாகச் சாய்ந்து, தலைவரையும் என்னையும் நடவு முடிந்து மூன்று நாளான வயலில் கொட்டியது.

அடி ஒன்றும் இல்லை. சேறு மெத்தை மாதிரி இருந்தது. பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏலே, முன்னால ஒரு கை பின்னால ஒரு கை காட்டுறீகளே, இது வண்டியா இல்ல கரகாட்டமா?" என்று கேட்டார். இரண்டு பஸ்களும் சேர்ந்து சிரித்தன. அதில் பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர்.

முழங்கால் சேற்றில் நான் எழ முடியாமல் தவித்தபோது ஒரு கை நீண்டது. ஞானமுத்து. "மெதுவா சார். இந்த எடம் வழுக்கும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, நடந்ததைப் பார்வதியிடம் என் பாணியில் சொன்னேன். ஞானமுத்து படிக்காதவர், அவசரப்பட்டுவிட்டார், பாவம், அந்தக் கல்யாணம்கூட இனி சந்தேகம்தான் என்றேன். அவள் தட்டை எடுத்து வைத்தாள். தட்டில் தோசை இல்லை. நான்கு கறுப்பு வயர்த் துண்டுகள் இருந்தன.

"வாசல் கூட்டும்போது கெடந்துச்சு" என்றாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். "இதுல ஒண்ணு. இதுல ரெண்டு. இதுல மூணு. இதுல நாலு. மொத்தம் பத்து முடிச்சு. சாப்பிடுங்க, நீங்க வெட்டுனதுதான்."

"பார்வதி…"

"அந்தப் பிள்ள உங்களக் காட்டிக்குடுத்தாரா?"

"இல்ல."

"நீங்க அவரக் காட்டிக்குடுத்தீங்க. செய்யாததுக்கு." துண்டுகளை எடுத்து, ஆணியில் தொங்கிய என் மறுநாள் சட்டையின் பையில் போட்டாள். பிறகுதான் தோசை வந்தது.

மறுநாள் நிர்வாகக் குழு கூடியது. நான் உண்மையை ஒப்புக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் படித்தவன் ஒப்புக்கொள்வதிலும் ஒரு முறை வேண்டாமா? விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதியிருந்தேன். அதைக் கணீரென்று வாசித்தேன்: "மேற்படி இணைப்பியின் கம்பியமைப்பில் நேர்ந்த இடவலப் பிறழ்வானது, பொறுப்பாளர் ஒருவரின் அளவுகடந்த ஆர்வத்தின் விளைவென்பது இதன்மூலம் ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்யப்படுகிறது."

தலைவர் மேஜையைத் தட்டினார். "கேட்டீகளா? வாத்தியாரு நாசூக்காச் சொல்லிட்டாரு. பொறுப்பாளருன்னா யாரு? வேலப் பொறுப்பு யாருகிட்ட இருந்துச்சு? ஞானமுத்துகிட்ட. அளவுகடந்த ஆர்வம், கல்யாண ஆர்வம்! அவரப் போகச் சொல்லிரலாம். செயலாளருக்கு நன்றி தெரிவிச்சு ஒரு தீர்மானம் போடுவோம்."

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் பாதி தூக்கினேன். ஆமாம், அப்போதும்கூட. தூக்கும்போது சட்டைப் பையிலிருந்த வயர் நெஞ்சில் குத்தியது. கையை இறக்கி, நான்கு துண்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"முடிச்ச வெட்டுனது நான். ஒயர மாத்துனதும் நான். ஞானமுத்து சரியாத்தான் மாட்டியிருந்தாரு."

தலைவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு சார் வெட்டுனீங்க?"

"பாக்க நல்லா இல்ல."

முதலில் சிரித்தது வாசலில் நின்ற மொக்கைச்சாமி. அதன்பிறகு யாராலும் கூட்டத்தை நடத்த முடியவில்லை. செயலாளர் என்ற முறையில் நடவடிக்கைக் குறிப்பில் இதை எழுத வேண்டியவனும் நானே. எழுதினேன். அந்தப் பக்கத்தில்தான் என் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

ஞானமுத்துவிடம் போய் நின்றேன். "மன்னிச்சிருங்க" என்றேன். அவர் பிளக்கைக் கழற்றிக்கொண்டே, "நுனிய வெட்டிட்டதால இனி முடிச்சு போட்டா ஒயரு எட்டாது சார். வேற ஒயருதான் போடணும்" என்றார். புது வயர் போட்டார். அதுவும் கறுப்பு. பிறகு நான்கு நுனிகளையும் என் கையில் கொடுத்தார். "முடிச்ச நீங்களே போடுங்க சார். அப்பத்தான் மறக்கமாட்டீங்க." கொளுத்தும் வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து பத்து முடிச்சு போட்டேன். இரண்டாவதை அவர் அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னார்; தளர்வாக இருந்ததாம்.

அடுத்த மாதம் டிரெய்லர் பாஸாயிற்று. அன்றே ஆர்டரை என் கைப்பட எழுதினேன். தேவதானப்பட்டி தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் போகக் கூச்சமாக இருந்தது. அந்த டிரெய்லர் ஓட்டை உடைசலாகிற வரையில் முடிச்சோடுதான் ஓடியது. ஒரு தடவைகூட விளக்கு மாறி எரியவில்லை.

பல வருடம் கழித்து என் மகளின் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டி மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார். என் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஞானமுத்து?"

"ஒண்ணுமில்ல சார். முடிச்சு விழுந்து முடியட்டும்."

மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் விட்டார். மேடை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காரணம் புரியவில்லை. பந்தியில் பார்வதி விலாவாரியாகச் சொல்லிப் புரியவைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணம் எதிலும் தாலி கட்டும்போது யாராவது என் கையைப் பிடித்துக்கொள்வது ஒரு சடங்காகிவிட்டது.

போன வருடம் பேத்தியின் கல்யாணம். ஞானமுத்துக்கு முழங்கால் வலி, போடியிலிருந்து வர முடியவில்லை. முகூர்த்த நேரம் பார்த்துப் போன் செய்தார். காதில் வைத்தேன். வாழ்த்தெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "சார், உங்க கைய யாரு புடிச்சிருக்கா?"

குனிந்து பார்த்தேன். போன் இல்லாத கையைப் பார்வதி எப்போதோ பிடித்திருந்தாள்.